ப்ராசஸரை மாற்றலாமா? இறங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஏற்காட்டில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குப் புது ப்ராசஸர் வேண்டுமென்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் போக வேண்டும். இல்லாவிட்டால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். பொருந்தவில்லை, பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் கடைவாசலில் போய் நிற்கும் வசதி சென்னை ரிச்சி தெருப் பக்கம் இருப்பவருக்கு உண்டு, சேர்வராயன் மலைக்காரருக்கு இல்லை. ஆகவே முடிவை மேலேயே, வீட்டிலேயே, இருக்கிற மெஷினை வைத்தே எடுத்துவிட வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். ப்ராசஸருக்கு எத்தனை வயது, சந்தையில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதையெல்லாம் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் ஆடும் ஆட்டத்தில், உங்கள் மானிட்டரில், கிராபிக்ஸ் கார்டு ப்ராசஸருக்காகக் காத்து நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது ஒன்றே வழி. காத்து நிற்கவில்லை என்றால், எத்தனை ஆயிரம் கொட்டினாலும் புது ப்ராசஸர் ஆட்டத்தை வேகமாக்காது. காத்து நிற்கிறது என்றால், பெரும்பாலானவர்களுக்கு இப்போதுள்ள மதர்போர்டிலேயே பொருந்துகிற மேம்பட்ட ப்ராசஸர் ஒன்று போதும். முழு மெஷினையும் மாற்ற வேண்டிய நிலை வெகு சிலருக்கே வரும்.

ஒரு காட்சி திரைக்கு வருவதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எதில் பட்டது, கார் எந்தப் பக்கம் சரிந்தது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு ஆணைகளை அடுக்கித் தருவது ப்ராசஸர். அந்த ஆணைகளின்படி ஒளியும் நிழலுமாகப் புள்ளிபுள்ளியாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 காட்சி வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி நொடிதான் அவகாசம். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லி நொடி. கார்டு ஒரு காட்சியை வரைந்துகொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்த காட்சிக்கான கணக்கைத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு நேரங்களும் ஒன்றோடொன்று கூடுவதில்லை. எது நீளமோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ப்ராசஸர் 8 மில்லி நொடியில் முடித்துவிட, கார்டு 20 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் கிடைப்பது நொடிக்கு 50 காட்சி. ப்ராசஸரை மாற்றி அந்த 8-ஐ 5 ஆக்கினாலும் அதே 50தான். பல்பர் இயந்திரம் ஒரு மணிக்கு இவ்வளவு காப்பிப் பழம்தான் உரிக்கும் என்றால், பறிப்புக்கு ஆள் கூட்டுவதால் அன்றைய காப்பிக்கொட்டை கூடிவிடாது என்பது தோட்டங்கள் நிறைந்த இந்த மலையில் எல்லோரும் அறிந்த கணக்கு.

அளப்பதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும் ஆட்டத்தின் மேலேயே எண்களைக் காட்டும். இன்டெல் வெளியிட்டிருக்கும் பிரசென்ட்மான், ஒவ்வொரு காட்சியிலும் கார்டு எத்தனை மில்லி நொடி வேலையில் இருந்தது என்பதையே தனியாகக் காட்டும். வழக்கமாக ஆடும் ஆட்டத்தை, வழக்கமான செட்டிங்கில், நெரிசலான இடத்தில் அரை மணி நேரம் ஆடுங்கள். காட்சி வேகத்துக்கு வரம்பு எதுவும் வைத்திருக்கக் கூடாது. வி-சிங்க் அணைந்திருக்க வேண்டும். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. ப்ராசஸரைப் பற்றிய யோசனையை அங்கேயே மூடி வைத்துவிடலாம். 60, 70 சதவீதத்தில் தொங்கிக்கொண்டு, காட்சி வேகமும் நீங்கள் விரும்பும் அளவுக்குக் கீழே இருந்தால், கார்டு யாருக்காகவோ காத்திருக்கிறது. இந்த இடத்தில் பலர் ஒரு மறுப்பு சொல்வார்கள்: “ப்ராசஸர் பயன்பாடு 40 சதவீதம்தானே காட்டுகிறது, அதற்கு என்ன குறை?” அந்த எண் எல்லாக் கோர்களின் சராசரி. நான்கு கோர், எட்டு த்ரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுத் திணறலில் இருந்தாலும் சராசரியில் அது 12.5 சதவீதமாகத்தான் தெரியும். பல ஆட்டங்களில் முக்கியமான கணக்கு ஓரிரு த்ரெட்களிலேயே ஓடுகிறது. எனவே மொத்த ப்ராசஸர் சதவீதத்தைப் பார்த்து இந்த விஷயத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது. பார்க்க வேண்டியது கார்டின் சதவீதத்தை.

முடிவை உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. அது இன்னும் எளியது. ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும், ப்ராசஸரின் வேலையோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். காட்சி வேகம் துள்ளிக்கொண்டு ஏறினால் கார்டுதான் தடை. 62 இருந்தது 64 ஆகி நின்றுவிட்டால் தடை ப்ராசஸரிடமோ ரேமிடமோ இருக்கிறது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: அவை படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்குபவை. ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் 1080 திரைக்குக் கார்டு உண்மையில் வரைவது 540 அளவுதான். கார்டின் சுமை குறையும்போது தடை மெதுவாக ப்ராசஸர் பக்கம் நகர்ந்துவிடும். ரே டிரேசிங்கைப் போட்டால் கார்டுக்கு மட்டும்தான் சுமை என்று நினைப்பதும் சரியில்லை; காட்சியிலுள்ள பொருட்களின் கட்டமைப்பை அடிக்கடி புதுப்பித்துத் தரும் வேலை ப்ராசஸருக்கும் சேர்கிறது. அதனால் நீங்கள் எந்த செட்டிங்கில் ஆடுகிறீர்களோ அதில் அளந்தால்தான் அளவுக்குப் பொருள் உண்டு.

சோதனை ப்ராசஸரைக் கைகாட்டினாலும் உடனே பர்ஸை எடுக்க வேண்டாம். ப்ராசஸரின் பெயரில் வேறு சில குறைகள் ஒளிந்திருக்கும். முதலாவது ரேம். ஒரே 16 ஜிபி ரேமை ஒரே ஸ்லாட்டில் செருகிய மெஷின்களில் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே பாதை பாதியாகிவிடுகிறது. அதே அளவை இரண்டு 8 ஜிபியாக, மதர்போர்டு கையேடு சொல்லும் இரண்டு ஸ்லாட்டுகளில் போட்டால் ப்ராசஸர் தடையாக இருக்கும் ஆட்டங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 3200 வேகமென்று வாங்கிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காததால் ஆண்டுக்கணக்கில் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருப்பதும் சாதாரணம். இதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூட ஆகாது. இரண்டாவது சூடு: தெர்மல் பேஸ்ட் காய்ந்து, கூலரின் தகடுகளில் தூசி அடைத்து, ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாவது இணைய இணைப்பு. வலோரன்ட் ஆடுபவர் எதிரி தாவித்தாவி மறைவதைப் பார்த்துவிட்டு “லேக் அடிக்கிறது, ப்ராசஸர் போதவில்லை” என்கிறார். மும்பையிலுள்ள சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், அதாவது பிங், எகிறினால் நடப்பது அது. பனிமூட்டத்திலும் மழையிலும் கைபேசிக் கோபுரத்தை நம்பி ஆடுபவருக்கு உலகின் விலை உயர்ந்த ப்ராசஸரும் அதில் உதவாது. காட்சி வேக எண் சீராக இருந்து ஆட்டம் மட்டும் தாவினால் குறை கம்பியிலோ கோபுரத்திலோ இருக்கிறது. எண்ணே விழுந்தால் மட்டும்தான் மெஷினைச் சந்தேகிக்க வேண்டும்.

“விமர்சனங்களில் புது ப்ராசஸர் 50 சதவீதம் கூடுதல் வேகம் என்று காட்டுகிறார்களே, அது பொய்யா?” என்று கேட்கலாம். பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனை வேறொரு கேள்விக்கான விடை. ப்ராசஸர்களை ஒப்பிடுபவர்கள், கார்டு தடையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆர்டிஎக்ஸ் 4090, 5090 போன்ற உச்ச நிலைக் கார்டுகளை 1080 ரெசல்யூஷனில் ஓட்டுகிறார்கள். ப்ராசஸர்களுக்குள் உள்ள வேறுபாட்டைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட அது சரியான முறை. உங்கள் கேபினட்டில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650-ஓ ஆர்டிஎக்ஸ் 3060-ஓ என்றால், அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி உங்கள் திரையில் அநேகமாகக் கரைந்து போகும். இதற்கு விலக்கும் ஒன்று உண்டு: 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டு. பழைய ப்ராசஸர்களோடு சேர்ந்தால் டிரைவரின் கூடுதல் சுமையால் அது எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகப் பின்தங்கியது. நடுத்தரக் கார்டுக்கும் ப்ராசஸர் தடையாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பட்டியலை நம்பாமல் சொந்த மெஷினை அளக்கச் சொல்வதும் இதனால்தான்.

மானிட்டரைப் பார்க்காமல் முடிவெடுப்பவர்களே அதிகம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 காட்சிக்கு மேல் காட்டாது. 80 வருகிற ஆட்டத்தை ப்ராசஸர் மாற்றி 120 ஆக்கினால், மவுஸின் இழுப்பு ஒரு சிறு அளவு குறைவதைத் தவிரக் கண்ணுக்கு எதுவும் புதிதாகக் கிடைக்காது. அந்தக் காசுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். சராசரி எண்ணைவிட முக்கியமானது ‘ஒரு சதவீதத் தாழ்வு’ என்று கருவிகள் காட்டும் எண்; மிக மெதுவாக வந்த காட்சிகளின் வேகம் அது. சராசரி 90 இருந்து தாழ்வு 35 ஆக இருந்தால் ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும். போதாத ப்ராசஸர் தன்னை முதலில் காட்டிக்கொள்வது இங்கேதான். ஆட்டத்தின் வகையும் கணக்கில் வர வேண்டும். கவுன்டர்-ஸ்டிரைக் 2, வலோரன்ட் போன்றவற்றைக் குறைந்த செட்டிங்கில் அதிக வேகத்துக்காக ஆடுபவருக்கு ப்ராசஸர் உண்மையிலேயே பெரிய விஷயம். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-இல் நகரம் பெருகப் பெருகவும், பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் பகுதியில் கூட்டம் நிறைந்த தெருக்களில் நடக்கும்போதும் ப்ராசஸர் திணறும். பிளாக் மித்: வுகோங் மாதிரியான ஆட்டத்தை அழகுக்காக உயர்ந்த செட்டிங்கில் ஆடுபவருக்கு எல்லாம் கார்டின் கையில். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சொல்லி, 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது வாங்கிய ‘வெண்பா’வுக்கோ சாதாரண லேப்டாப்பே போதும். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது.

மலைவாசிகளுக்கு மட்டும் உரிய ஒரு கேள்வி சூட்டைப் பற்றியது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைவு. மெல்லிய காற்று அதே அளவுக்குக் குறைந்த வெப்பத்தைத்தான் சுமந்து செல்லும். ‘மலையில் குளிர் இருக்கிறது, எவ்வளவு சூடான ப்ராசஸரும் போடலாம்’ என்பதும், ‘மெல்லிய காற்றில் கூலர் வேலை செய்யாது’ என்பதும் இரண்டுமே பாதி உண்மைகள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேலத்தில் ஒரு கூலர், அறை வெப்பத்தைவிட 40 டிகிரி அதிகத்தில் ப்ராசஸரை வைத்திருக்கிறது என்று கொள்வோம். கோடையில் அறை 38 டிகிரி என்றால் ப்ராசஸர் 78-இல் நிற்கும். அதே மெஷின் ஏற்காட்டில் 40-க்குப் பதில் 46 டிகிரி ஏறினாலும், அறை 26 டிகிரியாக இருப்பதால் 72-இல்தான் நிற்கும். நிகர லாபம் மலைக்கே. ஆனால் அது ஒரு சிறு சலுகைதான், அதை நம்பி 250 வாட் விழுங்கும் ப்ராசஸரை வாங்க முடியாது. 65 வாட் வகையிலேயே நிற்பவருக்கு நடுத்தரக் கூலர் போதும் என்ற அளவில் மலைக்குளிரை எடுத்துக்கொள்வது நியாயம். குளிரைவிட ஈரம்தான் கவனிக்க வேண்டியது. பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள் வரும் மாதங்களில், வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும் மெஷினைவிட அவ்வப்போது ஓடிச் சூடாகும் மெஷினே நன்றாக உலர்ந்திருக்கும்.

இனி, சோதனையில் ப்ராசஸர்தான் தடை என்று உறுதியானவர்களுக்கு. முதலில் மதர்போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய பி350 போர்டுகளில்கூட, பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஓடும்; அதற்கான வழியை ஏஎம்டி 2022-இல் திறந்துவிட்டது. ரைசன் 5 1600, 2600 வைத்திருப்பவர் 5600-க்கு மாறினால் ரேம், போர்டு, கூலர் எதையும் தொடாமல் இரண்டு, மூன்று தலைமுறை தாண்டிவிடுகிறார். 96 எம்பி கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலிலும், அதன் தம்பியான 5700எக்ஸ்3டி 2024 ஜனவரியிலும் வந்தன. கேஷ் பெரிதாக இருப்பதால் ஆட்டங்களில் இவை அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இன் நடுத்தர ப்ராசஸர்களோடு தோள் உரசுகின்றன; புதிதாகக் கிடைப்பதுதான் இப்போது அரிது. இன்டெல் பக்கம் பாதை குறுகலானது. எல்ஜிஏ 1700 போர்டில் ஐ3-12100எஃப் வைத்திருப்பவர் அதே போர்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ5 வரை ஏறலாம். எல்ஜிஏ 1200 வைத்திருப்பவருக்கு 10, 11 என்ற இரண்டு தலைமுறைகள்தான். 6, 7-ஆம் தலைமுறைக்காரர்களின் போர்டில் 8-ஆம் தலைமுறை ஏறாது, சாக்கெட்டின் பெயர் இரண்டிலும் எல்ஜிஏ 1151 என்றே இருந்தாலும்.

கடையில் ஏமாறக்கூடிய ஒரு இடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ரைசன் 7 5700எக்ஸ், 5700, 5700ஜி மூன்றும் எட்டு கோர்; பெட்டியும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. 5700எக்ஸில் மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16 எம்பிதான். அவை பிசிஐஇ 3.0 வரை மட்டுமே தரும். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் இவற்றை வாங்கினால், ஆறு கோர் 5600-ஐவிட ஆட்டத்தில் பின்தங்கும் எட்டு கோரை வாங்கியவர் ஆவார். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலை பேசுகிற பழக்கத்தால் நம் ஊரில் பலருக்கு இந்த நட்டம் நேர்கிறது. எழுத்தைக் கடைசி வரை படித்துவிட்டு வாங்குங்கள்.

“என்ன இருந்தாலும் பழைய சாக்கெட்டில் காசு போடுவது வீண்தானே? ஒரேயடியாக ஏஎம்5-க்குப் போய்விட்டால் எதிர்காலத்துக்கும் ஆகுமே” என்பது வலுவான மறுப்பு, மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் புதிய ப்ராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏறும், ஆகவே ப்ராசஸரோடு போர்டும் ரேமும் சேர்ந்து வாங்கியாக வேண்டும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை செங்குத்தாக ஏறியது; கையில் இருக்கும் டிடிஆர்4-ஐத் தூக்கி எறிவதற்கு இதைவிட மோசமான காலம் அமையாது. எதிர்காலத்துக்காக இன்று கொடுக்கும் அந்தக் கூடுதல் பணத்தை மிச்சம் பிடித்து வைத்தால், இரண்டு, மூன்று ஆண்டு கழித்து அதே பணம் மேலும் நல்ல பொருளை வாங்கும். இந்தத் துறையில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஒரு சாரார் மட்டும் முழுமையாக மாறியே தீர வேண்டும்: நான்கு கோர், நான்கு த்ரெட் கொண்ட பழைய ஐ5-களையும், இன்டெல் 7-ஆம் தலைமுறையையும் அதற்கு முந்தையவற்றையும் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு அதே போர்டில் ஏறத் தக்க படி இல்லை. அதோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ இன்டெல் 8-ஆம் தலைமுறையும் ரைசன் 2000-மும் தொடங்கித்தான் முறையாக ஏற்கும். விண்டோஸ் 11-இல் வலோரன்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கட்டாயம். இவர்களுக்கு இது வேகத்தைத் தாண்டிய பிரச்சினை, தள்ளிப்போடுவதில் பயனில்லை.

மின்சாரக் கணக்கைப் பலர் போடுவதில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும் என்பதும் தமிழ்நாட்டு வீடுகளுக்குத் தெரிந்தவை. புது ப்ராசஸர் 60 வாட் கூடுதலாக இழுத்து, தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். தனியாகப் பார்த்தால் சிறிது. 500-இன் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அது பெரிது. அதைவிட முக்கியம் யு.பி.எஸ். வழக்கமான 600 விஏ யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060-உம் 65 வாட் ப்ராசஸரும் மானிட்டரும் சேர்ந்தாலே அதன் எல்லையைத் தொட்டுவிடும். உயர்ரக ப்ராசஸரைப் போட்டால் கரண்ட் போகும் அதே நொடியில் யு.பி.எஸ்.ஸும் கையை விரித்துவிடும், பெரிய யு.பி.எஸ். விலையும் உங்கள் செலவில் சேரும். சதுர அலை தரும் பழைய வீட்டு இன்வெர்ட்டர்களோடு நல்ல எஸ்எம்பிஎஸ்-களே சில நேரம் ஒத்துப்போவதில்லை. ஏப்ரல், மே மாதத்து இடிமழையில் கரண்ட் வந்துவந்து போகும் மலைக்கு, குறைந்த வாட் ப்ராசஸர்தான் விவேகமான தேர்வு.

இந்தக் கரண்ட்தான் இன்னொரு பெரிய ஆபத்துக்கும் காரணம். பழைய போர்டில் புது ப்ராசஸரை ஏற்றுமுன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், அதைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடத்துக்குள் கரண்ட் போய்விட்டால் போர்டு செயலிழந்துபோகலாம். ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இல்லாத போர்டுகளைச் சேலத்துக்கோ அதற்கு அப்பாலோ கொண்டுபோய்ச் சில்லை மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஆகவே வானம் தெளிந்த காலை வேளையில், சார்ஜ் நிறைந்த யு.பி.எஸ்.ஸில் செய்யுங்கள். கடைக்காரர் “நானே போட்டுத் தருகிறேன், மெஷினைக் கொண்டு வாருங்கள்” என்றால் கொண்டுபோவதில் தவறில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள்; கேபினட்டைப் போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி படுக்க வையுங்கள். இருபது வளைவுகளின் குலுக்கலில் கனமான கூலரும் கார்டும் போர்டை இழுக்காமல் இருக்க அதுவே வழி.

பயன்படுத்திய ப்ராசஸரை வாங்கலாமா என்றால், வாங்கலாம் என்பதே என் தீர்ப்பு. கம்ப்யூட்டரின் பாகங்களிலேயே அரிதாகக் கெடுவது ப்ராசஸர். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் முதலில் போகும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருப்பதால் வளைந்த பின் உண்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்நிலை ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவு ஏற்பட்டு, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு திருத்தங்கள் வெளியாகின, நிறுவனமே வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சில்லை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. யார் எப்படி ஓட்டியது என்று தெரியாமல் அவற்றைப் பழையதாக வாங்குவது கூடாது. புதிதாக வாங்கினால் பெட்டியோடு வரும் மூன்று ஆண்டு வாரண்டி உள்ளதையே, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பெட்டியில்லாத ‘டிரே’ சரக்கின் விலைக் குறைவு மலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

மாற்றும் நாளில் ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு சிறு மரியாதை செய்ய வேண்டும். குளிர்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் இறுகியிருக்கும். ஏஎம்4 கூலரை அப்படியே இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்து நிமிடம் ஆட்டத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாகத் திருகித் தளர்த்திய பிறகே தூக்குங்கள். மாற்றியதும் அதே ஆட்டத்தை, அதே இடத்தில், அதே செட்டிங்கில் மறுபடி அளந்து முன்பு குறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ப்ராசஸரை உடனே விற்றுவிட வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதுபோல் மீண்டும் நேரலாம். புதியது மக்கர் செய்தால் கீழே இறங்கவும் முடியாது. பழையதைப் பிளாஸ்டிக் உறையில் ஈரம் படாமல் மூடி, புதியது ஒரு மழைக்காலம் தாண்டி ஓடும் வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகு விற்றுக்கொள்ளலாம்.